பின் அச்சு கியரை மாற்றினால் காரின் திறன் மாறுமா?

ஃபோர்டு மஸ்டாங் ஜிடி காரின் பின் அச்சில் 3.31 விகித கியரைக் கழற்றிவிட்டு 3.73 விகித கியரைப் பொருத்தினால், கார் முன்னைவிடச் சீறிக் கிளம்பும். ஆனால் டைனோ எனும் திறன் அளக்கும் கருவியின் உருளைமீது ஏற்றி அளந்தால், திறன் சற்றுக் குறைவாகவே காட்டக்கூடும். ஏன்?

கியர் திறனை உண்டாக்குவதில்லை. வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைக் கூட்டுகிறது, அவ்வளவுதான். எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்றில் 400 நியூட்டன் மீட்டர் தருவதாகவும், கியர்பாக்ஸ் 1:1 கியரில் இருப்பதாகவும் கொள்வோம். 3.31 விகிதத்தில் சக்கரங்களுக்கு 1,324 நியூட்டன் மீட்டர், சுமார் 1,511 சுற்று. 3.73 விகிதத்தில் 1,492 நியூட்டன் மீட்டர், சுமார் 1,340 சுற்று. இழப்புகளை ஒதுக்கினால், இரண்டிலும் திறன் சுமார் 209 கிலோவாட்தான்.

பிறகு அளவு எப்படிக் குறைகிறது? கனமான உருளை எவ்வளவு விரைவாக வேகமெடுக்கிறது என்பதை வைத்தே பல டைனோக்கள் திறனைக் கணக்கிடுகின்றன. 3.73 விகிதத்தில் எஞ்சின் சுற்று இன்னும் விரைவாக ஏறும். கிராங்க்ஷாஃப்ட், ஃப்ளைவீல், புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஆகியவற்றை முடுக்கவே திறனில் கூடுதல் பங்கு செலவாகிறது. அது உருளையை எட்டுவதில்லை. சக்கரத்திலிருந்து பார்த்தால், இவற்றின் சுழல் நிலைமம் கியர் விகிதத்தின் வர்க்கத்துக்கேற்ப உயர்கிறது: இங்கே சுமார் 27 சதவீதம். பற்களின் உராய்வு இழப்பும் சற்று மாறும்.

எஞ்சினை ஒரே சுற்றில் பிடித்துவைத்து அளக்கும் டைனோவில் இந்த நிலைம வேறுபாடு மறைந்துவிடும். ஆகவே, எண் குறைந்ததும் எஞ்சின் பலமிழந்துவிட்டதாக முடிவுகட்ட வேண்டாம். எந்த வகை டைனோ, எந்த கியர் என்பதை முதலில் கேளுங்கள்.