சிவப்பு மையும் செவிலித்தாயும்

சீனாவில் மிங் வம்சத்தை நிறுவிய ஹோங்வூ பேரரசர் 1380-இல் தலைமை அமைச்சர் பதவியையே ஒழித்து, ஆறு அமைச்சகங்களையும் தம் நேரடிப் பார்வைக்குள் கொண்டுவந்தார். அதன்பின், நாடெங்கிலுமிருந்து வரும் விண்ணப்பங்களுக்கு விடையை வரைவாக எழுதித் தருவது உள்மன்றம் எனப்பட்ட அறிஞர் குழுவின் பணியாகவும், அந்த வரைவின்மீது சிவப்பு மையால் ஆணை எழுதுவது பேரரசரின் உரிமையாகவும் அமைந்தது. நாள்தோறும் குவிந்த தாள்களைத் தாமே எழுதித் தீர்க்க இயலாத பிற்காலப் பேரரசர்கள், அந்தச் சிவப்புத் தூரிகையைச் சடங்குத் துறை அண்ணகர்களிடம், அதாவது ஆண்மை நீக்கப்பட்டு அரண்மனைப் பணியில் அமர்த்தப்பட்டவர்களிடம், ஒப்படைத்தனர். அண்ணகர்கள் எழுத்தறியக் கூடாது என்பது ஹோங்வூவின் கொள்கை; அவர்களுக்கென அரண்மனைக்குள்ளேயே 1426-இல் பள்ளி திறந்தவர் அவருடைய கொள்ளுப்பேரன் ஷுவாந்தே.

1620-இல் தந்தை அரியணை ஏறிய ஒரு மாதத்துக்குள் இறந்துவிட, பதினான்கு வயதில் பேரரசரான தியான்சி, தாயையும் முன்பே இழந்திருந்தார். அவருக்கு எஞ்சியிருந்த ஒரே நெருக்கம், பாலூட்டி வளர்த்த செவிலித்தாய் கே அம்மையார். 1621-இல் பேரரசருக்குத் திருமணம் முடிந்ததும் அம்மையார் அரண்மனையை விட்டு வெளியேற வேண்டும் என அதிகாரிகள் வற்புறுத்தினர். வெளியேறியவரைப் பேரரசரே திரும்ப அழைத்துக்கொண்டார். அண்ணகரும் பணிப்பெண்ணும் துணைகளாக வாழும் வழக்கம் அங்கே இருந்தது. எதிரெதிரே அமர்ந்து உண்பது என்ற பொருள்படும் 'துய்ஷி' என்பது அதன் பெயர். அம்மையாரின் அத்தகைய துணைவரான வெய் ஜோங்சியன், எழுத்தறிவு இல்லாதவராக இருந்தும், சிவப்புத் தூரிகை ஏந்தும் பதவியைப் பெற்றார். 1623-இல் கிழக்குக் கூடம் எனப்பட்ட உளவுத்துறையும் அவர் வசமானது. தச்சு வேலையில் பெருவிருப்பம் கொண்டிருந்த பேரரசர் உளியும் இழைப்புளியுமாக ஆழ்ந்திருக்கும் வேளை பார்த்தே வெய் அரசுத் தாள்களைக் கொண்டுசெல்வார் என்று அக்கால அண்ணகர் ஒருவரின் குறிப்பு தெரிவிக்கிறது.

வூஷியில் இயங்கிய தோங்லின் கல்விக்கழகத்தைச் சார்ந்த அதிகாரிகள் வெய்யை எதிர்த்தனர். 1624-இல் அவர்களுள் ஒருவரான யாங் லியன், வெய்யின் இருபத்துநான்கு குற்றங்களை அடுக்கி விண்ணப்பம் அளித்தார். மறு ஆண்டே சிறையில் வதைக்கப்பட்டு மாண்டார். அந்த மரணத்தை இன்று படிக்கும்போதும் மனம் கலங்குகிறது. 1626-இல் சூஜௌவில் ஓர் அதிகாரியைக் கைதுசெய்ய வந்தவர்களை மக்களே தாக்கினர். அதற்காகக் கொல்லப்பட்ட ஐவரின் கல்லறை அந்நகரில் இன்றும் உள்ளது. அதே ஆண்டில் ஹாங்ஜௌவில், உயிரோடிருந்த வெய்க்கு அதிகாரிகள் கோயில் எழுப்பினர்.

கருவுற்ற அரசியர்க்குக் கே அம்மையார் இழைத்த கொடுமைகளை மிங் அரச வரலாறு விரிவாகப் பேசுகிறது. அடுத்த வம்சமான சிங் ஆட்சியில், தோங்லின் மரபை மதித்த அறிஞர்கள் தொகுத்த நூல் அது என்பதால், ஒரு செவிலித்தாயின்மீது பேரரசின் வீழ்ச்சியையே சுமத்தும் அதன் போக்கை அப்படியே ஏற்பது நேர்மையாகாது. ஆணையில் பேரரசர் அல்லாதவரும் சிவப்பு மை இடக்கூடிய ஏற்பாடு, அம்மையார் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே உருவாகிவிட்டது.

1627-இல் தியான்சி வாரிசின்றி இறந்தார். தலைநகரிலிருந்து வெளியேற்றப்பட்ட வெய் வழியிலேயே தூக்கிட்டுக்கொண்டார். அம்மையார் அரண்மனைச் சலவைக்கூடத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். இருவரையும் வீழ்த்திய புதிய பேரரசர் சோங்ஜென், சில ஆண்டுகளுக்குள், தம் அதிகாரிகளை நம்ப இயலாமல், எல்லைப் படைகளை மேற்பார்வையிட மீண்டும் அண்ணகர்களையே அனுப்பினார்.

(தொடரும்)