அறுபது கிலோ பையனும் நாலு ஸ்க்ரூவும்

போன மாதம் எங்கள் எதிர்வீட்டு கார் ஷெட் சுவரிலிருந்து கூடைப்பந்து வளையம் பெயர்ந்து விழுந்தது. நல்லவேளை, கீழே நின்றது ஸ்கூட்டர் மட்டும்தான். போய்ப் பார்த்தேன். வளையம் வளையவில்லை. நாலு ஸ்க்ரூவும் புதுசு போலப் பளபளத்தன. அவற்றோடு பிளாஸ்டிக் பிளக்கும் ஒரு கை பூச்சு மண்ணும் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தன. சுவர்தான் கைவிட்டிருந்தது.

பந்து பட்டு வளையம் விழுவதில்லை. பந்தின் எடை 600 கிராம் அளவுதான். வளையத்தைப் பிடித்துத் தொங்குகிறானே பையன், அவன்தான் கணக்கு. பலகைக்கும் வளையத்துக்கும் 15 செ.மீ., வளையத்தின் விட்டம் 45 செ.மீ. ஆக, முன்விளிம்பில் தொங்கும் 60 கிலோ பையனின் பாரம் சுவரிலிருந்து 60 செ.மீ. தள்ளி இறங்குகிறது. மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் 30 செ.மீ. இடைவெளி என்றால், மேல் போல்ட்டுகளைப் பிடுங்கும் இழுவை 120 கிலோ. கடப்பாரை போட்டு நெம்புவது போலத்தான். ஊஞ்சலாடினால் அது இரட்டிப்பாகும். காலண்டர் மாட்டுகிற பிளக் இதை எங்கே தாங்கும்?

எனவே முதலில் சுவரைத் தெரிந்துகொள்ளுங்கள். டிரில் போடும்போது பூச்சைத் தாண்டியபின் கொட்டும் தூளே சொல்லிவிடும். சிவப்பு என்றால் செங்கல், அடர்ந்த சாம்பல் என்றால் கான்கிரீட். ஹேமர் போடாமலே பிட் வழுக்கி இறங்கி வெளிறிய மாவு கொட்டினால் ஏஏசி பிளாக் என்னும் லேசான கான்கிரீட் கல். கான்கிரீட் தூணோ பீமோ கிடைத்தால் ஆங்கர் போல்ட் போதும். உள்ளே கம்பி தட்டினால் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரென்றால் மறுபக்கம் வரை துளைத்து, அங்கே இரும்புத் தகடு வைத்து நட்டு முடுக்க வேண்டும். நாலரை அங்குலச் சுவர், ஹாலோ பிளாக், சன்ஷேட், மாடிக் கைப்பிடிச்சுவர், காம்பவுண்டு சுவர் இதிலெல்லாம் மாட்டவே கூடாது. கடைசி இரண்டும் வளையத்தோடு சேர்ந்து தாமும் சாயக்கூடியவை.

கம்பம் நட்டால் கவலையில்லை என்றும் நினைக்க வேண்டாம். 2025 நவம்பரில் ஹரியானாவின் ரோத்தக் மாவட்டத்தில் 16 வயது வீரர் ஒருவர் பயிற்சியில் வளையத்தைப் பிடித்துத் தொங்க, கம்பமே சாய்ந்து அவர்மேல் விழுந்து உயிரைப் பறித்தது.

வாடகை வீடென்றால் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அடுக்குமாடியில் பார்க்கிங் தூண் பொதுச்சொத்து. அங்கே சங்கத்தின் ஒப்புதல் வேண்டும்.

சரி, விழுந்தேவிட்டது, என்ன செய்யலாம்? 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளில் குறை இருந்தாலும், சரியான பயன்பாட்டுக் குறிப்போ எச்சரிக்கையோ தராவிட்டாலும் தயாரிப்பாளர் பொறுப்பு. காசு வாங்கிக்கொண்டு மாட்டிக்கொடுத்தவரின் வேலை மோசம் என்றால் அது சேவைக் குறைபாடு. ஆனால் 'தொங்காதே' என்று அட்டையில் போட்டிருந்தும் தொங்கியிருந்தால் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் நீட்டும். விற்றவரைப் பொருளின் முறைகேடான பயன்பாட்டைக் காட்டித் தப்பிக்கச் சட்டமே விடுகிறது.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் சொல்லலாம். ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. கெடு இரண்டு ஆண்டு.

இதற்கெல்லாம் பில், அட்டைப்பெட்டி, குறிப்புத்தாள், பிடுங்கிவந்த ஸ்க்ரூ, ஓட்டையோடு இருக்கும் சுவரின் போட்டோ எல்லாம் வேண்டும். எதிர்வீட்டுக்காரர் சுவரைப் பூசி வெள்ளையடித்து முடித்த பிறகுதான் என்னிடம் கேட்டார்: "சார், பில் எங்கே வச்சேன்னு தெரியலையே, அது இல்லாம முடியாதா?"