பென்சில் கோடும் பாப்பாவின் மணிக்கட்டும்

பெங்களூரின் ரிச்சர்ட்ஸ் டவுனில் இருக்கிறீர்களா? ரிச்சர்ட்ஸ் பார்க்கை ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து நில்லுங்கள். இடது மணிக்கட்டில், கட்டைவிரலுக்கு நேர் கீழே, வலது கையின் இரண்டு விரல்களை லேசாக வையுங்கள். துடிப்பு தெரிகிறதா? இதயம் சுருங்கும்போதெல்லாம் ரத்தக்குழாய் கொஞ்சம் விரிகிறது. மேலே இருக்கும் தோலும் கூடவே எழும்பி அடங்குகிறது. அந்தச் சின்ன அசைவை விரலுக்குப் பதிலாக ஒரு மெல்லிய பட்டை உணர்ந்து சொல்ல முடியுமா? முடியும். அப்படிப்பட்ட பட்டையின் எளிய வடிவம் ஒன்றை நீங்களே செய்யலாம்.

விரல் நீளத்துக்கு ஒரு தாள் துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். 6பி பென்சிலால் ‘ப’ எழுத்து வடிவத்தில் கறுப்பாக, அழுத்தி, பல முறை தீட்டுங்கள். பள்ளி ஆய்வகத்தில் மல்டிமீட்டர் இருக்கும், எஸ்.பி. ரோடு கடைகளிலும் கிடைக்கும். அதை ஓம் அளக்கும் நிலையில் வைத்து, ‘ப’வின் இரண்டு முனைகளிலும் அதன் கம்பிகளைப் பிடியுங்கள். (சுவர் பிளக் பக்கம் மட்டும் கொண்டுபோகக் கூடாது.) இப்போது பென்சில் தீட்டிய பக்கம் வெளியே இருக்கும்படி தாளை வளையுங்கள். எண் கூடும். உட்பக்கமாக வளைத்தால் குறையும்.

காரணம் இதுதான். பென்சில் கோடு என்பது நுண்ணிய கிராஃபைட் துகள்களின் வரிசை. வெளிப்பக்கம் இழுபடும்போது துகள்கள் விலகுகின்றன. மின்சாரம் கடந்துபோவது கடினமாகிறது. உட்பக்கம் நெருங்கும்போது வழி எளிதாகிறது. பட்டையை டேப்பால் விரலின் மேல்புறம் ஒட்டி, விரலை மடக்கி நீட்டிப் பாருங்கள். உங்கள் விரல் அசைவு எண்ணாக மாறுகிறது! 1938இல் அமெரிக்காவில் எட்வர்ட் சிம்மன்ஸ், ஆர்தர் ரூகே என்ற இருவர் தனித்தனியே, இழுபட்டால் எண் கூடும் என்ற இதே தத்துவத்தை மெல்லிய கம்பியில் பயன்படுத்தினார்கள்.

தாள் வளையும், ஆனால் இழுத்தால் கிழியும். நம் தோலோ மடங்கும், இழுபடும், வியர்க்கும். அதோடு ஒட்டிக்கிடந்தால்தான் உணரி (சென்சார்) சரியாக அளக்கும். இடையில் சின்ன இடைவெளி விழுந்தாலும் கணக்கு குழம்பிவிடும். 2011இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஜான் ரோஜர்ஸ் குழுவினர் இதற்கு அழகான வழி காட்டினார்கள். உடையக்கூடிய சிலிக்கானை மிக மிக மெல்லியதாக்கி வளைய வைத்தார்கள். கம்பிகளை நேராகப் போடாமல் பாம்பு போல நெளித்தார்கள். தோல் இழுபட்டால் நெளிவு நிமிரும், கம்பி அறாது.

தோலைத் தொட்டு உடம்புச் சூட்டை உணரும், நம் பெங்களூரில் பிறந்த ஒரு கருவியையும் சொல்லியே ஆக வேண்டும். அதன் பெயர் பெம்பு. ராதுல் நரைன் தொடங்கிய நிறுவனம் அதை உருவாக்கியது. பிறக்கும்போதே எடை குறைந்த, இரண்டரை கிலோவுக்கும் கீழான பாப்பாக்களின் மணிக்கட்டில் கட்டும் மென்மையான சிலிகோன் வளையல் அது. அந்தப் பாப்பாக்களுக்குத் தோலுக்கடியில் கொழுப்பு குறைவு. எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்போ அதிகம். அதனால் உடம்புச் சூடு வேகமாக வெளியேறிவிடும். 36.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் ஆபத்து தொடங்குகிறது. குடித்த பாலின் சக்தியெல்லாம் சூட்டைக் காப்பதற்கே செலவாகி, எடை ஏறாது. தொட்டுப் பார்க்கிற அம்மாவுக்கு அந்தச் சிறு வித்தியாசம் தெரியாமல் போகலாம்.

பெம்புவுக்குத் தெரியும். சூடு சரியாக இருந்தால் நீல விளக்கு மினுக்கும். குறைந்தால் ஆரஞ்சு விளக்கு எரியும், ‘பீப்’ என்று ஒலிக்கும். உடனே அம்மா பாப்பாவைத் தன் மார்போடு, தோலோடு தோலாக அணைத்துக்கொள்வார். இதற்குக் கங்காரு பராமரிப்பு என்று பெயர். அந்த வளையலில் எனக்கு மிகவும் பிடித்தது, எந்த எண்ணும் இல்லை என்பதுதான். படிக்கத் தெரியாத பாட்டிகூட அது சொல்வதைப் புரிந்துகொள்வார். 2017இல் டைம் இதழின் சிறந்த கண்டுபிடிப்புகள் பட்டியலில் அதற்கும் இடம் கிடைத்தது.

ஒளியால் அளக்கும் உணரிகளும் உண்டு. ரத்தத்தில் ஆக்சிஜனை அளக்க, சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் தோலுக்குள் செலுத்தி, நாடித் துடிப்பைக் கொண்டு கணக்கிடும் முறையை ஜப்பானின் தகுவோ அவோயாகி 1970களில் கண்டுபிடித்தார். ஆனால் தோலுக்கு நிறம் தருகிற மெலனினும் ஒளியை விழுங்கும். 2020இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, வெள்ளையின நோயாளிகளைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் இந்தக் கருவிகள் ஆக்சிஜனை உண்மையைவிட அதிகமாகக் காட்டும் தவறு கூடுதலாக நேர்ந்ததைக் கண்டது. வெள்ளைத் தோலில் மட்டும் சோதித்த உணரியை நம் ஊர் ஆஸ்பத்திரிக்கு அப்படியே கொண்டுவரக் கூடாது. மாநிறக் கையிலும் கறுத்த கையிலும், வியர்த்த கையிலும் வைத்துப் பார்த்த பிறகே அது காட்டும் எண்ணை டாக்டர் நம்ப முடியும்.