அமெரிக்க விடுதலைப் போரும் அடிமைகளும்

அமெரிக்க விடுதலைப் போர் 1775இல் தொடங்கியபோது, பதின்மூன்று குடியேற்றங்களின் மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் கறுப்பினத்தவர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் அடிமைகளாக இருந்தனர். இரு தரப்புப் படைகளுக்கும் ஆள் தேவைப்பட்டது; அடிமைகளுக்கு விடுதலை தேவைப்பட்டது. இந்தத் தேவைகள் எங்கே சந்தித்தன என்பதைப் பொறுத்தே ஒவ்வொருவரின் வாழ்க்கையும் அமைந்தது.

1775 நவம்பரில் வர்ஜீனியாவின் பிரித்தானிய ஆளுநர் டன்மோர் பிரபு ஓர் அறிவிப்பை வெளியிட்டார். கிளர்ச்சியாளர்களின் அடிமைகளில் ஆயுதம் ஏந்தக்கூடியவர்கள் அரச படையில் சேர்ந்தால் விடுதலை பெறுவர் என்றது அது. அரசருக்கு விசுவாசமாக இருந்தோரின் அடிமைகளுக்கு அது பொருந்தவில்லை. டன்மோரே அடிமைகளை வைத்திருந்தவர்தான் என்பதால் இதில் வியப்பில்லை. தப்பி வந்தவர்களைக் கொண்டு எத்தியோப்பியப் படைப்பிரிவு அமைக்கப்பட்டது. அதில் பலரைப் பெரியம்மை பலி கொண்டது. 1781இல் யார்க்டவுன் முற்றுகையின்போது உணவு குறைந்ததும், தங்களை நம்பி வந்த கறுப்பினத்தவர்களையும் நோயுற்றவர்களையும் பிரித்தானியர் அரணுக்கு வெளியே துரத்தினர்.

எதிர்த்தரப்பிலும் தயக்கம் இருந்தது. கறுப்பினத்தவரைப் படையில் சேர்க்க வாஷிங்டன் முதலில் மறுத்தார். ஆள் பற்றாக்குறையால் 1778இல் ரோட் தீவு தன் அடிமைகளைப் படையில் சேர்த்து, விடுதலை அளித்தது. இழப்பீடு உரிமையாளர்களுக்குச் சென்றது. வர்ஜீனியாவில் ஜேம்ஸ் என்ற அடிமை, லஃபாயெத்துக்காகப் பிரித்தானிய முகாமில் உளவு பார்த்தார். போருக்குப் பின் வந்த விடுதலைச் சட்டம் படைவீரர்களுக்கானது, உளவாளிகளுக்கானது அன்று. அவர் சட்டமன்றத்தில் மனு அளித்து 1787இல்தான் விடுதலை பெற்றார்.

போரின் முடிவில் ஏற்பட்ட உடன்படிக்கை, அமெரிக்கர்களின் அடிமைகளைப் பிரித்தானியர் கொண்டுசெல்லக் கூடாது என்றது. பிரித்தானியத் தளபதி கார்ல்டன், ஏற்கெனவே விடுதலை வாக்குறுதி பெற்றவர்களுக்கு அது பொருந்தாது என வாதிட்டு வாஷிங்டனின் கோரிக்கையை மறுத்தார். 1783இல் நியூயார்க்கிலிருந்து கப்பலேறிய சுமார் 3,000 பேரின் பெயர், வயது, முன்னாள் உரிமையாளர் ஆகிய விவரங்கள் ஒரு பதிவேட்டில் எழுதப்பட்டன. மறுபுறம், அரச விசுவாசிகளின் அடிமைகள் ஆயிரக்கணக்கில் சார்ல்சுடன், சவானா துறைமுகங்களிலிருந்து ஜமைக்கா போன்ற இடங்களுக்கு அடிமைகளாகவே ஏற்றிச் செல்லப்பட்டனர்.

வடக்கே வெர்மான்ட் (1777), பென்சில்வேனியா (1780) ஆகியவை அடிமை முறைக்கு எதிராகச் சட்டமியற்றின. பென்சில்வேனியச் சட்டம் ஏற்கெனவே அடிமையாக இருந்த எவரையும் விடுவிக்கவில்லை. அதன்பின் அடிமைத் தாய்க்குப் பிறக்கும் குழந்தைகளும் 28 வயது வரை உழைத்தாக வேண்டும். தெற்கே தோட்டங்கள் முன்போலவே இயங்கின. 1790 கணக்கெடுப்பில் நாட்டின் அடிமைகள் ஏறத்தாழ 7 இலட்சம்.

அந்தப் பதிவேட்டில் உள்ளவர்களில் ஒருவர் ஹாரி வாஷிங்டன். ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னான் தோட்டத்திலிருந்து தப்பியவர். நோவா ஸ்கோசியாவில் குடியேறிய அவர், 1792இல் சுமார் 1,200 பேருடன் மேற்கு ஆப்பிரிக்காவின் சியேரா லியோனுக்குச் சென்றார். அங்கே குடியேற்றத்தை ஆண்ட பிரித்தானியக் கம்பெனி நிலவரி கேட்டது. அதை எதிர்த்து 1800இல் எழுந்த கிளர்ச்சியில் பங்கேற்றதற்காக அவர் நாடு கடத்தப்பட்டார்.