தோளில் ஒரு பீரங்கி

இரும்புக் கோட்டை மாதிரி டாங்கி வந்தா, நடந்து போகும் சிப்பாய் என்ன செய்வார்? 1942-இல் அமெரிக்காவில் ‘பசூக்கா’ ராக்கெட் குழாய் வந்தது. 1948-இல் சுவீடனில் 84 மி.மீ. ‘கார்ல் குஸ்தாவ்’ வந்தது. இதை நம்ம திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையிலும் செய்கிறார்கள்.

குண்டு முன்னே போகும். வாயு பின்னே பீறிடும். நாம படிக்கிற நியூட்டனின் மூன்றாம் விதிதான்! அதனால தோளை அதிகம் உதைக்காது. ஆனா பின்னால யாரும் நிற்கக் கூடாது, உயிருக்கே ஆபத்து. குண்டுக்குள் இருக்கும் செம்புக் கூம்பு, வெடித்ததும் ஊசி போலப் பாய்ந்து இரும்பைத் துளைக்கும்.

1965 போரில் ஹவில்தார் அப்துல் ஹமீது, இதே முறையில் இயங்கும் 106 மி.மீ. பீரங்கியை ஜீப்பில் வைத்து, பஞ்சாபில் பல பேட்டன் டாங்கிகளை அழித்தார். செப்டம்பர் 10-இல் வீரமரணம் அடைந்தார். பரம்வீர் சக்கரம் பெற்றார். அந்த ஜீப்புக்கு இரும்புக் கவசமே கிடையாது. அதை நினைச்சா எனக்கு மெய் சிலிர்க்குது!