பால்குடிக் குழந்தைகளும் 'டி' ஜீவசத்தும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி முதலிய சென்னையின் மேற்குப் பிரதேசங்களில் வருஷத்தின் பெரும்பாகம் வெயிலுக்குக் குறைவில்லை. சூரிய ஒளி பட்ட தோலில் 'டி' வைட்டமின் என்னும் ஜீவசத்து தானே உண்டாகுமென்பதும், எலும்புகள் சுண்ணாம்புச் சத்தை ஏற்றுக் கெட்டிப்படுவதற்கு அது இன்றியமையாததென்பதும் பள்ளிப் பிள்ளைகளும் படிக்கும் விஷயங்களே. அவ்வாறிருக்க, இங்குள்ள குழந்தைகளுக்கு, அதிலும் தாய்ப்பால் ஒன்றையே பருகும் சிசுக்களுக்கு, அச்சத்துக் குறையுமென்றால் நம்புவோர் சிலரே.

ஆயினும் உண்மை அதுவே. 2006ஆம் வருஷத்தில் சென்னைக் காஞ்சி காமகோடி சைல்ட்ஸ் டிரஸ்ட் மருத்துவமனையின் வைத்தியர்கள், தாய்ப்பால் மட்டுமே அருந்திய சிசுக்களுக்கு இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்துத் தாழ்ந்து நோய் கண்டதையும், 'டி' சத்தின் குறைவே அதற்குக் காரணமென்பதையும் 'இந்தியன் பீடியாட்ரிக்ஸ்' என்னும் பத்திரிகையில் எடுத்துக் கூறினர். இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து அளவுக்கு மீறித் தாழுமாயின் நரம்புகள் கட்டுக்கடங்காமல் துடிக்கும். காய்ச்சலின்றியே குழந்தைக்கு வலிப்பு வரும். இதனை மாந்தமென்றும் தோஷமென்றும் எண்ணி மந்திரிக்கச் செல்வோர் உண்டு. போகும் நேரத்தில் குழந்தையின் உயிருக்கே ஆபத்து நேரலாம். வலிப்புக் கண்ட சிசுவை உடனே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்வதே முறை.

குறை மெதுவாக முற்றும்போது அடையாளங்கள் வேறு. உச்சிக்குழி உரிய காலத்தில் மூடாது, மணிக்கட்டு புடைக்கும், விலா எலும்புகளின் நுனிகளில் மணி கோத்தாற்போல் முண்டுகள் தோன்றும், நடக்கத் தொடங்கியபின் கால்கள் வில்போல் வளையும். ரிக்கெட்ஸ் என்பது இதுவே.

தாய்ப்பாலில் குற்றமொன்றுமில்லை என்பதை முதலில் தெளிவாகச் சொல்லவேண்டும். சிசுவுக்கு அதனினும் சிறந்த ஆகாரம் கிடையாது. ஆனால் ஒரு லிட்டர் தாய்ப்பாலில் 'டி' சத்து சாதாரணமாக 25 யூனிட் அளவே உள்ளது. தாய்க்கே அச்சத்துக் குறைந்திருப்பின் இன்னும் குறையும். நாளொன்றுக்கு முக்கால் லிட்டர் பருகும் குழந்தைக்கு வேண்டுவதோ 400 யூனிட். கர்ப்பத்திலிருக்கும்போது தாயிடமிருந்து பெற்ற சேமிப்புச் சில வாரங்களுக்குக் காணும். தாயிடமே இல்லையெனில் அந்தச் சேமிப்புக்கும் வழியில்லை.

தாய்மாருக்கு ஏன் குறைகின்றது? ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இதற்கு ஒரு விடை கிடைத்தது. 1922இல் ஹட்சிசன், ஷா என்னும் இரு வைத்தியர்கள் நாசிக் நகரில் ஆராய்ந்தபோது, நல்ல ஆகாரம் உண்டும் கோஷா முறைப்படி வீட்டுக்குள்ளேயே அடைபட்டிருந்த குடும்பங்களில் ரிக்கெட்ஸ் காணப்பட்டது. எளிய ஆகாரம் உண்டு வெளியில் உழைத்த ஏழைகளின் குழந்தைகள் அதற்கு ஆளாகவில்லை. மேற்குப் பிரதேசத்து மாதர் கோஷாவில் இருப்பவரல்லர். ஆயினும் 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை ஏற்பட்டபின் ஏரியும் வயலுமாக இருந்த ஊர்கள் நெருங்கிய வீதிகளாயின. களையெடுக்கவும் நாற்று நடவும் வெயிலில் நின்றவர்களின் பேத்திகள் கூரையின் கீழ்த் தையல் இயந்திரங்களின் முன் பகலைக் கழிக்கின்றனர். பிரசவித்தவளோ பல வாரங்கள் அறையை விட்டு வெளிவருவதில்லை. கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயிலால் பயனில்லை, ஏனெனில் இச்சத்தை உண்டாக்கும் கிரணங்களைக் கண்ணாடி தடுத்துவிடும். கறுத்த தோலுக்கு வெளுத்த தோலைவிட அதிக நேரம் வெயில் வேண்டுமென்பதும் நினைவில் இருக்கவேண்டும்.

குழந்தையைக் காலை இளவெயிலில் காட்டுவது பாட்டிமார்களின் வழக்கம். அன்பான வழக்கந்தான், ஆனால் அதனால் எலும்பு உரம்பெறுமென்று நம்புவதற்கில்லை. சென்னைக்கு ஏறக்குறைய ஒத்த அட்சரேகையிலுள்ள திருப்பதியில், தோலிலுள்ள மூலப்பொருளைச் சிறு குப்பிகளில் இட்டு வெயிலில் வைத்துச் சோதித்தனர். பகல் 11 மணி முதல் 2 மணி வரையிலேயே சத்து மிகுதியாக உண்டாகின்றதென்று கண்டு, 2013இல் வெளியிட்டனர். அந்த நேரத்து வெயிலில் பச்சைக் குழந்தையைக் கிடத்துவதோ தகாது. மெல்லிய தோல் வெந்துவிடும். எனவே சிசுவின் விஷயத்தில் சூரியனை நம்பியிருத்தல் கூடாது.

மிஞ்சியது சொட்டு மருந்து. பிறந்தது முதல் ஒரு வயது வரை நாளொன்றுக்கு 400 யூனிட் கொடுக்கவேண்டுமென்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2017இல் வகுத்துள்ளது. அது ஒரு கிராமின் லட்சத்தில் ஒரு பங்கேயாகும். ஆறு மாதம் வரை தாய்ப்பாலன்றி வேறொன்றும் கொடுக்கலாகாது என்னும் விதியை இது மீறுவதாகுமோ எனச் சிலர் தயங்குகின்றனர். வைட்டமின் சொட்டும் வைத்தியர் தரும் மருந்தும் அவ்விதிக்கு விலக்கென்று உலகச் சுகாதார ஸ்தாபனமே கூறியுள்ளது. சொட்டுக்குப் பயந்து டின் பாலுக்கு மாறுவது பெருந்தவறு. குறைமாதக் குழந்தைக்கும் எடை குன்றிய குழந்தைக்கும் அளவை வைத்தியரே நிர்ணயிக்கவேண்டும்.

தாய்க்கு, கர்ப்பத்தின் 14ஆம் வாரம் முதல் பிரசவத்துக்குப்பின் ஆறு மாதம் வரை, 'டி' சத்துச் சேர்ந்த சுண்ணாம்புச் சத்து மாத்திரை தினம் இரண்டு கொடுக்கவேண்டுமென்பது மத்திய சர்க்கார் 2014இல் விதித்த முறை. வாங்கி வந்த மாத்திரைகள் அலமாரியிலேயே தங்கிவிடுவதும் உண்டு! அவற்றைத் தவறாமல் உண்டாலும், அவற்றிலுள்ள அளவு பால் வழியே குழந்தையின் தேவையை நிறைவேற்றப் போதாது. சிசுவுக்குரியதைச் சிசுவுக்கே தரவேண்டும்.

கடைகளில் விற்கும் சொட்டு மருந்துகள் யாவும் ஒரே வலிமையுடையனவல்ல. ஒரு மில்லியில் 400 யூனிட் உள்ளதும் 800 யூனிட் உள்ளதும் உண்டு. ஆகவே சீட்டைப் படித்த பின்னரே அளக்கவேண்டும். படிக்க இயலாதோர் கிராம நர்ஸிடம் காட்டிக் கேட்கலாம். ஒரு குப்பியின் அளவுக்குழலை மற்றொன்றுக்குப் பயன்படுத்தலாகாது. பெரியோர் வாரம் ஒருமுறை உண்ணும் 60,000 யூனிட் பொடியைக் குழந்தைக்குத் தினமும் ஊட்டினால் வாந்தியும் மலச்சிக்கலும் கண்டு சிறுநீரகமும் கெடும்.