எண்ணிச் சொல்லும் மொழியும் நினைவாற்றல் சோதனையும்

குவீன்ஸ்டவுன் சிங்கப்பூரின் முதல் துணைநகரம். 1953இல் பெயர் சூட்டப்பெற்ற அந்நகரின் அடுக்குமாடி வீடுகளில் இளமையில் குடியேறிய பலர் இன்று முதுமையை எய்தியுள்ளனர். மூத்தோர் நலத்துடன் வாழும் வட்டாரமாக அதனை வளர்க்கும் திட்டமும் 2021இல் தொடங்கப்பெற்றது. இத்தகைய இடத்தில் கவனம், நினைவு, உந்துதலை அடக்கும் ஆற்றல் ஆகியவற்றை அளக்கும் சோதனைகள் பெருகுவது இயல்பு. அவற்றைத் தமிழில் எவ்வாறு நடத்துவது என்பது மருத்துவர்க்கு மட்டும் உரிய வினா அன்று. மொழி பயிற்றுவோர்க்கும் பயில்வோர்க்கும் உரியது.

எண் நினைவுச் சோதனையை முதலில் எடுத்துக்கொள்வோம். நொடிக்கு ஒன்றாக எண்களைச் சொல்லி, கேட்டவரை அதே வரிசையில் திருப்பிச் சொல்லச் செய்வது இதன் முறை. 1887இல் இதனை எழுதி வெளியிட்டவர் ஜோசஃப் ஜேக்கப்ஸ். பின்னாளில் இந்திய நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்தவரும் அவரே. எண் எல்லார்க்கும் பொது, ஆதலின் சோதனையும் பொது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது.

அக்கருத்தை அசைத்தது வேல்ஸ் நாடு. வேல்ஸ் மொழியும் ஆங்கிலமும் அறிந்த மாணவர்களை எல்லிஸ், ஹென்னலி ஆகிய இருவர் ஆராய்ந்து 1980இல் முடிவை வெளியிட்டனர். அம்மாணவர்கள் ஆங்கிலத்தில் கூடுதலான எண்களையும் வேல்ஸ் மொழியில் குறைவான எண்களையும் நினைவிற்கொண்டனர். மனம் ஒன்றே, மாறியது சொல். கேட்ட எண்களை நாம் மனத்துக்குள் சொல்லிக்கொண்டே காக்கிறோம். ஏறத்தாழ இரண்டு நொடியில் சொல்லி முடிக்கக்கூடிய அளவே அவ்வாறு தங்கும். வேல்ஸ் எண்ணுப்பெயர்களைச் சொல்ல நேரம் மிகுதியாகத் தேவைப்பட்டது.

தமிழில் ஒன்று முதல் ஒன்பது வரை ஓரொலியசைச் சொல் ஒன்றேனும் உண்டா? இல்லை. (யாப்பிலக்கணம் கூறும் அசை வேறு.) மாண்டரினில் அந்த ஒன்பதும் ஓரொலியசையே. ஆகவே ஒரே தளத்தில் வாழும் தமிழ்ப் பாட்டியையும் சீன அண்டை வீட்டாரையும் ஒரே எல்லையெண் கொண்டு மதிப்பிட்டால், நினைவு குன்றாத பாட்டி குன்றியவராகத் தோன்றக்கூடும். சோதிப்பவர் ஏட்டைப் பார்த்து ‘ஐந்து’, ‘ஒன்பது’ என்று வாசிக்க, வாழ்நாளெல்லாம் ‘அஞ்சு’, ‘ஒம்போது’ என்று எண்ணியவர் கேட்டதை மனத்துள் மாற்றிக்கொள்ள வேண்டியும் இருக்கும்.

எழுத்தைச் சார்ந்த சோதனைகளில் சிக்கல் வேறு வகையானது. ஒரு நிமிடத்தில் ‘ப’ எனத் தொடங்கும் சொற்களைச் சொல்லச் சொன்னால், ‘பாட்டி’, ‘பூ’ ஆகியவை சேருமா? பள்ளியில் பயின்றவர் சேராது என்பார். எழுத்தறியாதவர்க்கோ அவ்வினாவே பொருளற்றது. விலங்குகளின் பெயர்களைக் கேட்பது நன்று.

உந்துதலை அடக்குவதை அளக்க 1935இல் ஸ்ட்ரூப் வெளியிட்ட சோதனை புகழ்பெற்றது. பச்சை மையில் ‘சிவப்பு’ என்று எழுதியிருக்கும். சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். படிக்கும் உந்துதல் குறுக்கிடுவதால் விடை தாமதமாகும். இதனை நம் மாணவர்களிடம் தமிழில் நடத்தினால் ஒரு விந்தை நேரலாம்: தமிழைத் தடுமாறிப் படிப்பவர் விரைவாக விடை கூறுவார். அது மனக்கட்டுப்பாட்டின் வலிமையன்று. சொல் அவரை இழுக்கவில்லை, அவ்வளவே. வகுப்பறையில் இச்சோதனையை விளையாட்டாகச் செய்து பார்க்கும் ஆசிரியர்கள் இதனை மறவாதிருத்தல் வேண்டும். எழுத்தே வேண்டாத மாற்று ஒன்றும் உண்டு. சோதிப்பவர் மேசையை ஒருமுறை தட்டினால் தாமும் தட்ட வேண்டும். இருமுறை தட்டினால் கையை அடக்கிக்கொள்ள வேண்டும்.

மொழியின் இப்பங்கை ஆய்வுலகம் அறியாமலில்லை. 1998இல் கொச்சியில் உருவான 10/66 ஆய்வுக் குழு, பள்ளி செல்லாத முதியோர்க்கும் பொருந்தும் கருவிகளை அமைக்க முயன்றது. சென்னையும் அதன் களங்களுள் ஒன்று. அக்கருவிகளைக் கொண்டே மனநலக் கழகம் சிங்கப்பூர் முதியோரை ஆராய்ந்தது. 60 வயதைக் கடந்தோரில் பத்தில் ஒருவர்க்கு மறதிநோய் இருப்பதாக அவ்வாய்வு மதிப்பிட்டது.

எஞ்சுவது அன்றாட நடைமுறை. ‘இப்போது என்ன மாதம்?’ என்று கேட்டால் சில முதியோர் ‘ஆடி’ என்பர். விடைத்தாளில் ‘ஜூலை’ என்றிருக்கும். அதனைப் பிழை எனக் குறிக்கும் முன், அன்று ஆடி பிறந்துவிட்டதா என்று நாட்காட்டியைப் பார்க்க வேண்டியவர் சோதிப்பவரே.